சொல்லின் வேரும் சொல்லின் வாழ்வும்: ‘மீட்பு’ என்னும் சொல்லை முன்வைத்து ஒரு திறனாய்வு

1. ஒரு கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன்னர், சேலம் மாவட்டம் ஓமலூர் வட்டாரத்தில் உள்ள சிறு சபை ஒன்றில் அருளுரை ஆற்றும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. மாற்கு 10:45 அன்றைய பாடப்பகுதி. ‘மீட்கும்பொருள்’ என்னும் சொல்லை நாம் எடுத்துக்கொண்டோம். அதன் கிரேக்க மூலம் ‘லுத்ரோன்’ என்பது. அது ‘அவிழ்த்தல்’ எனப் பொருள்படும் வினையடியாகப் பிறந்தது. அடிமையையோ போரில் சிறைப்பட்டவனையோ விடுவிக்கக் கொடுக்கும் விலையை அது குறிக்கும் என்றெல்லாம் விரித்துரைத்தோம். இயேசு நம் கடனைக் கட்டித் தீர்த்தார் என்று முடித்தோம். நல்ல அருளுரை என்றே நாமும் எண்ணிக்கொண்டோம்.

வழிபாடு முடிந்தபின் முதிய பெண்மணி ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய மகன் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவர். “ஐயா, ஆண்டவரு நம்ம பாக்கியைக் கட்டிட்டாருன்னு சொன்னீங்க. சரிங்க. அப்ப அவருகிட்ட நமக்கு இன்னும் எவ்வளவு பாக்கிங்க?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு அப்போது நம்மிடம் விடை இல்லை. கேள்வியின் பொருளே நமக்குச் சற்றுத் தாமதமாகத்தான் விளங்கிற்று. நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையம், பள்ளிபாளையம் போன்ற தறி ஊர்களில் ‘பாக்கி’ என்பது வெறும் நிலுவைத் தொகை அன்று. தொழிலாளி வேலைக்குச் சேரும்போது தறி உரிமையாளர் முன்கூட்டிக் கொடுக்கும் பணம். அதைத் திருப்பிக் கொடாமல் அவர் அத்தறியை விட்டு வெளியேற இயலாது. வெளியேற வேண்டுமாயின், வேறோர் உரிமையாளர் முன்வந்து பழைய பாக்கியைக் கட்டுவார். அன்றுமுதல் அத்தொழிலாளி புதியவருக்குக் கடன்பட்டவர் ஆவார். பாக்கி தீர்வதில்லை; கைமாறுகிறது. அந்தத் தாயின் காதில் நம் அருளுரை விழுந்த விதம் இதுவே: பழைய உரிமையாளரிடமிருந்து புதிய உரிமையாளரிடம் நாம் மாற்றப்பட்டிருக்கிறோம். அவர் கேட்டது எள்ளல் அன்று. மிக நேர்மையான இறையியல் வினா.

நாம் தவறிய இடம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம் கிரேக்கச் சொல்விளக்கம் பிழையானதன்று. அகராதி அதற்குச் சான்று பகரும். பிழை வேறோரிடத்தில் இருந்தது. சொல் ஒன்று பொருளை எவ்வாறு தாங்குகிறது என்பது பற்றி நாம் கொண்டிருந்த எண்ணமே பிழையானது.

2. வேர்ச்சொல் விளக்கத்தின் கவர்ச்சி

நம் மேடைகளில் வேர்ச்சொல் விளக்கம் பெறும் வரவேற்பை யாவரும் அறிவர். ‘கடவுள்’ என்பதைக் ‘கட’ என்றும் ‘உள்’ என்றும் பிரித்து, அனைத்தையும் கடந்தும் அனைத்தின் உள்ளும் இருப்பவர் என்று உரைக்கிறோம். ‘எக்ளேசியா’ என்பதை ‘வெளியே அழைக்கப்பட்டோர்’ எனப் பிரித்து, உலகினின்று பிரிக்கப்பட்டவர்களே திருச்சபை என்று முடிவு கட்டுகிறோம். ‘துனாமிஸ்’ என்றவுடன் டைனமைட்டை நினைவூட்டி, தூய ஆவியார் வெடிமருந்தைப் போல் செயலாற்றுவார் என்கிறோம். டைனமைட் என்னும் பெயரை ஆல்பிரட் நோபல் வைத்தது 1867-இல்தான். பவுலடியார் அதனை அறிந்திருக்க வழியில்லை.

இவ்விளக்கங்கள் கூறும் கருத்துகள் எல்லாம் பொய் என்பது நம் வாதம் அன்று. கடவுள் அனைத்தையும் கடந்தவர் என்பது மெய்யே. ஆனால் அம்மெய் அச்சொல்லின் பிரிப்பில் இருந்து பெறப்பட்டதன்று. நாம் முன்னரே நம்பியதைச் சொல்லுக்குள் வைத்துவிட்டு, அதனின்று எடுப்பதுபோல் காட்டுகிறோம். ‘எக்ளேசியா’ என்னும் அதே சொல்லை லூக்கா, எபேசு நகரில் கூச்சலிட்டுக் குழம்பிய கூட்டத்திற்கும் ஆளுகிறார் (திருத்தூதர் பணிகள் 19:32). அக்கூட்டத்தில் பெரும்பாலோருக்குத் தாங்கள் ஏன் கூடினோம் என்பதே தெரியவில்லை என்பதையும் அவரே குறிப்பிடுகிறார். வெளியே அழைக்கப்பட்டோர் என்னும் விளக்கத்தை அங்குப் பொருத்திப் பார்ப்பார் யார்?

இடப்பெயரைக் கொண்டும் இதனை எளிதில் உணரலாம். ஓமலூர் என்னும் பெயரை ‘ஓமம்’ என்னும் வேள்விச் சொல்லோடு ஒருவர் இணைக்கக்கூடும். மலையாளத்தில் அருமைக்குரியதைக் குறிக்கும் ‘ஓமல்’ என்பதோடு மற்றொருவர் இணைக்கக்கூடும். இருவருள் எவர் வென்றாலும், சேலம் பேருந்து நிலையத்தில் ஓமலூருக்குச் சீட்டுக் கேட்பவர் போய்ச் சேரும் இடம் மாறாது. அப்பெயரை வழங்கும் மக்களின் வழக்கே அதன் பொருளை நிலைநாட்டுகிறது.

3. ஜேம்ஸ் பார் தொடுத்த கண்டனம்

இறையியல் உலகில் இவ்வகை விளக்கத்திற்கு எதிராக எழுந்த வலிமையான குரல் ஜேம்ஸ் பார் என்பாருடையது. ‘விவிலிய மொழியின் பொருளியல்’ என்று நாம் பெயர்க்கத்தக்க அவருடைய நூல் 1961-இல் வெளிவந்தது. அக்காலத்தில் கெர்ஹார்ட் கிட்டெல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு இறையியல் அகராதி, அறிஞரிடையே பெருமதிப்புப் பெற்றிருந்தது. அதன் முதல் தொகுதி 1933-இல் வெளிவந்தது. எபிரேயருக்கென ஒரு சிந்தனை உண்டு, கிரேக்கருக்கென வேறொரு சிந்தனை உண்டு, இவை இரண்டும் அவ்வம்மொழியின் சொற்களிலும் வினையமைப்பிலும் பொதிந்து கிடக்கின்றன என்னும் கருத்தும் அப்போது ஓங்கி நின்றது. தொர்லைஃப் போமான் 1952-இல் எழுதிய நூல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

பார் இவையனைத்தையும் மொழியியலின் துணைகொண்டு ஆராய்ந்தார். அவர் காட்டிய பிழைகளுள் இரண்டு ஈண்டு நமக்கு வேண்டியவை. முதலாவது, சொல்லின் பிறப்பையே அதன் உண்மைப் பொருளாகக் கொள்வது. இரண்டாவது, ஒரு சொல் பல இடங்களில் பெறும் பல பொருள்களையும் ஒன்றாகத் திரட்டி, அம்மூட்டை முழுவதையும் ஒவ்வோர் இடத்திலும் ஏற்றிவைப்பது. இறையியல் கருத்துகள் தனிச்சொற்களில் தங்குவதில்லை. அச்சொற்கள் சேர்ந்து அமைக்கும் வாக்கியத்திலும் அதனினும் விரிந்த பகுதியிலுமே தங்குகின்றன என்பது அவர் முடிபு.

இக்கண்டனம் பலருடைய உழைப்பை மாற்றியமைத்தது. லோ, நைடா ஆகிய இருவரும் 1988-இல் வெளியிட்ட கிரேக்க அகராதி, சொற்களை வேர்வழியாக அடுக்காமல் பொருட்புலம் வழியாக அடுக்கியது. ‘லுத்ரோன்’ குடும்பச் சொற்களை அதில் விடுதலைபற்றிய சொற்களோடு சேர்த்துக் காண்கிறோம்.

4. நம் இலக்கணிகள் கண்டது

பார் கூறியதைக் கேட்டு நாம் வியப்பதற்கு முன், நம் வீட்டுத் திண்ணையிலேயே இவ்வறிவு இருந்ததை நினைவுகூர்தல் வேண்டும். சொற்கள் எல்லாம் பொருள் குறித்து வருவனவே என்று கூறும் தொல்காப்பியர், உரியியலில் வேறொன்றையும் சேர்த்துக் கூறுகிறார்: ஒரு சொல்லுக்கு இப்பொருள் ஏன் வந்தது என்னும் காரணம் பார்த்தவுடன் தோன்றுவதில்லை. காரணம் இல்லை என்று அவர் மறுக்கவில்லை. அது வெளிப்படையன்று என்கிறார். ஒரு பொருளுக்கு மேலும் பொருள் தேடிக்கொண்டே போனால் அதற்கு வரம்பு இராது என்றும் எச்சரிக்கிறார். வேர்ச்சொல் அருளுரையாளருக்கு இதனினும் தக்க எச்சரிக்கை வேறு வேண்டுவதில்லை.

பல பொருள் உடைய ஒரு சொல்லின் பொருளை எவ்வாறு தெளிவது? அதனோடு சேர்ந்த வினையாலும், உடன்வரும் இனத்தாலும், சார்பாலும் தெளியலாம் என்பது கிளவியாக்கத்தில் அவர் தரும் விடை. ‘மா’ என்னும் சொல் தனியே நிற்கையில் மரமா, விலங்கா என்பது விளங்காது. மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. பார் ‘வாக்கியம்’ என்று சுட்டியதை நம் இலக்கணி வினை, இனம், சார்பு என மூன்றாக வகுத்துள்ளார். நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரித்தார். ஆயினும் காரணப்பெயரும் காரணத்தை மட்டும் நம்பி நிற்பதில்லை. நான்கு கால் உடையதெல்லாம் நாற்காலி அன்று. பசுவை எவரும் அப்பெயரிட்டு அழைப்பதில்லை.

ஆகவே, வேர்ச்சொல்லில் மயங்குவது மேலைநாட்டு அறிஞர் நமக்குக் கற்றுத்தந்த குற்றம் என்று சொல்லி நாம் தப்ப இயலாது. நம் நூலைப் படித்திருந்தால் அம்மயக்கம் நமக்கு வந்திராது.

5. திருமறையில் மீட்பு

இனி நம் சொல்லுக்கு வருவோம். எபிரேயத் திருமறையில் மீட்பைக் குறிக்கும் சொற்களுள் ‘காஅல்’, ‘பாதா’ என்னும் இரண்டும் முதன்மையானவை. ‘காஅல்’ உறவினர் கடமையோடு இணைந்த சொல். வறுமையால் தன் நிலத்தை விற்ற சகோதரனுக்காக நெருங்கிய உறவினன் அதனை மீட்டுக் கொடுத்தல் வேண்டும் என்பது லேவியர் 25-ஆம் அதிகாரத்தின் நெறி. ரூத்தின் கதையில் போவாசு செய்வதும் இதுவே. அங்கு விலை உண்டு. அதனைப் பெறுபவரும் உண்டு.

ஆனால் விடுதலைப் பயணம் 6:6-இல் அதே ‘காஅல்’ வருகிறது. கடவுள் ஓங்கிய கையாலும் பெரிய தண்டனைத் தீர்ப்புகளாலும் இஸ்ரயேலரை மீட்பதாக வாக்களிக்கிறார். பார்வோனுக்கு அவர் விலை ஏதும் கொடுத்ததாக அந்நூலில் ஓரிடத்திலும் இல்லை. எசாயா 52:3 இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது: விலையின்றி விற்கப்பட்டவர்கள் பணமின்றி மீட்கப்படுவர் என்பது அதன் கருத்து. கிரேக்கத்தில் எழுபதின்மர் மொழிபெயர்ப்பு இவ்விரு எபிரேயச் சொற்களுக்கும் பெரும்பாலும் ‘லுத்ரோன்’ குடும்ப வினையையே ஆண்டது. ஆகவே புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் அச்சொல்லைக் கையில் எடுத்தபோது, அது விலை என்னும் பொருளோடும் வந்தது. விலையற்ற விடுதலை என்னும் பொருளோடும் வந்தது.

இங்கு அறிஞர் இரு கூறாயினர். விலை என்னும் கருத்து இச்சொற்களை விட்டு அகலவில்லை என 1955-இல் லியோன் மாரிஸ் வாதிட்டார். அவ்வாறு பொதுவாகக் கூற இயலாது, ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே நோக்குக என 1967-இல் டேவிட் ஹில் மறுத்தார். நாம் ஹில்லின் பக்கம் சாய்கிறோம். லூக்கா 21:28-இல் மீட்பு நெருங்கிவருகிறது என்னும்போது அங்கு விலைபேசுவார் எவரும் இல்லை. எபிரேயர் 11:35-இல் வதைக்கப்பட்டோர் ஏற்க மறுத்த விடுதலையும் அதே கிரேக்கச் சொல்லால் குறிக்கப்படுகிறது. மாற்கு 10:45-இலோ, ‘கொடுத்தல்’ என்னும் வினையும் ‘பலருக்கு ஈடாக’ என்னும் தொடரும் உடன்நிற்பதால் விலை என்னும் கருத்து உயிர்பெறுகிறது. அங்கும் வாக்கியம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. கொடுப்பவர் யார், கொடுக்கப்பட்டது எது, எவருக்காக என்பவை கூறப்படுகின்றன. எவரிடம் கொடுக்கப்பட்டது என்பது கூறப்படவில்லை.

கூறப்படாத அதனைக் கூறவைக்கத் திருச்சபை பட்ட பாடு பெரிது. ஓரிகனும் நீசா நகர்க் கிரகோரியும் அலகைக்கு விலை கொடுக்கப்பட்டது என எண்ணினர். நசியான்சு நகர்க் கிரகோரி அதனைக் கேட்கவே கூசினார். தந்தையாம் கடவுளுக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் அவர் எளிதில் ஏற்கவில்லை. பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் அன்செல்ம் கடவுளின் மாண்புக்குச் செய்யப்பட்ட ஈடு என்று விளக்கினார். இப்பெரியோரின் இறையியல் முழுவதையும் ஒரு சொல்லின் மயக்கம் எனத் தள்ளுவது அறிவுடைமை ஆகாது. ஆயினும் ஒரு சொல்லின் உலகியல் பின்னணியில் உள்ள ஒவ்வோர் உறுப்பையும் நற்செய்தியில் தேடியே தீருவோம் என்னும் பிடிவாதம் இக்கேள்வியை வளர்த்தது என்பதில் ஐயமில்லை. ஓமலூரில் நாம் செய்ததும் அதுவே. வாக்கியம் நின்ற இடத்தில் நாம் நில்லாமல், கடனைக் கட்டித் தீர்த்தார் என மேலும் ஓர் அடி வைத்தோம்.

6. நம் மொழிபெயர்ப்புகள்

தமிழ்த் திருமறையின் வரலாறு சொல்லாட்சிப் போராட்டத்தின் வரலாறும் ஆகும். சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் நிறைவுற்ற காலந்தொட்டு, கடவுளுக்குரிய பெயரே சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என மாறிவந்துள்ளது. இவற்றைப் பற்றி 1974-இல் ப்ரோர் டிலியாண்டர் விரிவான ஆய்வு செய்துள்ளார். மீட்பு பற்றிய சொற்களோ அத்துணைக் கவனம் பெறவில்லை.

பவர் ஐயரும் அவர்தம் குழுவினரும் 1871-இல் நிறைவு செய்த மொழிபெயர்ப்பு, ‘சோத்தேரியா’ குடும்பத்திற்கு ‘இரட்சிப்பு’ என்றும், ‘லுத்ரோன்’ குடும்பத்திற்கு ‘மீட்பு’ என்றும் பெரும்பாலும் பிரித்து ஆண்டது. எபேசியர் 1:7-இல் மீட்பு. ரோமர் 1:16-இல் இரட்சிப்பு. எபிரேயர் 11:35-இல் மீட்பு என்னாமல் ‘விடுதலை’ என்றது. ஒரே கிரேக்கச் சொல்லாயினும் வாக்கியம் வேறாகையில் தமிழ்ச்சொல்லும் வேறாகலாம் என்பதை அம்முன்னோர் அறிந்திருந்தனர். இது போற்றத்தக்கது.

1995-இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம், வடசொல்லாகிய இரட்சிப்பை நீக்கி ‘மீட்பு’ என்பதை அவ்விடத்தில் அமர்த்தியது. இரட்சகர் மீட்பர் ஆனார். நம் மக்களுக்குப் புரியும் தமிழில் பேசவேண்டும் என்னும் அதன் நோக்கத்தை நாம் முழுமனத்துடன் ஏற்கிறோம். இரட்சிப்பு என்னும் சொல்லுக்குக் ‘காத்தல்’ என்பதே பழம்பொருள். நம் சபைகளிலோ அது தேதி குறிப்பிட்டுச் சொல்லத்தக்க ஒரு தனி அனுபவத்தின் பெயராகச் சுருங்கிவிட்டது. “இரட்சிக்கப்பட்டீரா?” என்று கேட்பவர் காக்கப்பட்டீரா என்று கேட்பதில்லை. ஆகவே அச்சொல்லை மாற்ற விரும்பியதற்குத் தக்க காரணம் உண்டு.

ஆனால் ஆதாயம் கிட்டிய இடத்தில் இழப்பும் நேர்ந்தது. நலமாக்குதலையும் காத்தலையும் தழுவிய ‘சோத்தேரியா’வும், விடுவித்தலைக் குறிக்கும் ‘லுத்ரோன்’ குடும்பமும் இப்போது ஒரே தமிழ்ச்சொல்லில் வந்து தங்கின. இரத்தப்போக்குடைய பெண்ணிடம் இயேசு கூறிய சொல்லை (மாற்கு 5:34) புதிய மொழிபெயர்ப்பு ‘குணமாக்கிற்று’ என்று செம்மையாகப் பெயர்த்தது. ஆயினும் அதே வினையடியிலிருந்து வந்த பெயர்ச்சொல் வேறிடங்களில் ‘மீட்பு’ என நிற்பதால், நலத்திற்கும் மீட்பிற்கும் உள்ள தொடர்பு தமிழ் வாசகர் கண்ணுக்கு மறைந்தது. மேலும் மாற்கு 10:45-இல் ‘மீட்புக்கு ஈடாக’ என்னும் ஆட்சி, இரண்டு அடகுச் சொற்களை அருகருகே நிறுத்துகிறது. ‘ஈடு’ என்றால் இணை, பதில் என்று கற்றவர் கொள்வர். ஈடு வைத்துப் பணம் வாங்கிப் பழகியவர் பிணைப்பொருள் என்று கொள்வர்.

இதற்கு மறுதலையாக, பழைய மொழிபெயர்ப்பு வேர்வழிச் சென்று இடறிய இடமும் உண்டு. கொலோசையர் 2:14-இல் வரும் ‘கைரோகிரபோன்’ என்பது ‘கை’, ‘எழுத்து’ என்னும் இரு கூறுகளால் ஆனது. பழைய மொழிபெயர்ப்பு அதனை அவ்வாறே ‘கையெழுத்து’ என்றது. வேர் சரி, பொருள் கிட்டவில்லை. அக்காலக் கிரேக்க வழக்கில் அது கடன்பட்டவன் தன் கையால் எழுதிக்கொடுத்த கடன்முறியின் பெயர். திருவிவிலியம் ‘கடன் பத்திரம்’ என்றது. ஓமலூர்ச் சந்தையில் புரோநோட்டு எழுதிக் கொடுத்தவர் எவருக்கும் இது உடனே விளங்கும். வேரை விட்டு வழக்கைப் பற்றியதால் கிட்டிய வெற்றி இது. நம் கட்டுரையின் கருத்துக்கு இதனினும் சிறந்த சான்று தமிழ்த் திருமறையில் அரிது.

7. ஓமலூர்ச் சமவெளியில் இச்சொல்

மொழிபெயர்ப்பாளர் பணி முடிந்தபின் சொல் கேட்போர் வாழ்வுக்குள் நுழைகிறது. சேர்வராயன் மலையில் தோன்றிவரும் சரபங்கா நதிக்கரையில் உள்ள இச்சமவெளியில் ‘மீட்பு’ எங்கெங்கே வழங்குகிறது என்று நோக்குவோம்.

முதலாவது, அடகுக் கடை. கொலுசையோ தோட்டையோ வைத்த குடும்பம் அறுவடைக்குப்பின் அசலும் வட்டியும் கட்டி அதனை மீட்கிறது. ஒத்தி வைத்த நிலத்திற்கும் இச்சொல்லே. இங்கு விலை முழுவதும் செலுத்தப்படுகிறது; வட்டி கட்டத் தவறினால் மீட்பு இல்லை.

இரண்டாவது, தறிக்கூடத்துப் பாக்கி. இதனைக் குமாரபாளையத்தில் ஆராய்ந்து 1999-இல் எழுதிய மானிடவியல் அறிஞர் கீர்ட் டெ நேவ், தொழிலாளர் இம்முறையில் வாய்மூடிக் கட்டுண்டு கிடப்போர் அல்லர் என்பதையும் காட்டினார். அவர்கள் பேரம் பேசுகின்றனர்; உரிமையாளரை மாற்றுகின்றனர். ஆயினும் ஒருவர் கட்டிய பாக்கி மற்றொருவருக்குரிய பாக்கி ஆகிறது.

மூன்றாவது, கிணற்றடி. கிணற்றில் தவறி விழுந்த ஆட்டையோ ஆளையோ தூக்கியெடுக்க வருவது தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. இங்கு விலை இல்லை, கடனும் இல்லை. ஆழமும் கயிறும் கீழே இறங்கும் ஒருவரும் உண்டு. இன்றைய இளைஞர் செய்தித்தாளில் மிகுதியாகக் காணும் மீட்பு இதுவே.

நான்காவதை நாம் மறந்துவிட்டோம், கற்கள் மறக்கவில்லை. ஓமலூரிலிருந்து வடக்கே செல்லும் சாலை தருமபுரியை அடைகிறது. 1965 வரை அப்பகுதியும் சேலம் மாவட்டமாகவே இருந்தது. அங்கும் செங்கம் பகுதியிலும் பல்லவர் காலம் முதலான நடுகற்கள் பல கிடைத்துள்ளன. செங்கம் நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் நூலாக வெளியிட்டது. கள்வர் கவர்ந்து சென்ற தொறுவை, அதாவது ஆநிரையை, மீட்டு அம்முயற்சியில் இறந்துபட்ட வீரனைப் பற்றி அவை பல இடங்களில் பேசுகின்றன. புறத்திணை நூலார் இதனைக் கரந்தை என்பர். இக்கற்களில் மீட்டல் என்பது உயிரைக் கொடுத்து நிகழ்த்திய செயல். ஆயினும் அவ்வுயிரை விலையாகப் பெற்றுக்கொண்டவர் எவரும் இல்லை. கள்வனுக்கு வீரன் தன் உயிரை விற்றான் என்று நடுகல்லைப் படிப்பவர் எவரும் கூறார். யாரிடம் கொடுத்தான் என்று கேட்டால், கேள்வியே பொருந்தாது என்பர்.

மாற்கு 10:45 கூறாமல் விட்டதைக் கூறவைக்க நூற்றாண்டுகள் முயன்ற இறையியலாருக்கு, நம் வட்டாரத்து மொழியே ஒரு வழியைத் திறந்து வைத்துள்ளது. உயிர் கொடுக்கப்படுகிறது, பிறர் மீள்கின்றனர், வாங்கிக்கொண்டவர் என ஒருவரைத் தேட வேண்டுவதில்லை. இதனையும் எல்லை கடந்து இழுத்தல் ஆகாது. நடுகல் வீரன் வாளோடு சென்றவன். தன் ஊர் ஆநிரைக்காகப் போரிட்டவன். சிலுவையில் தொங்கியவரோ பகைவருக்காகவும் மன்றாடினார். ஒப்புமை எங்கு நிற்கிறது என்பதை வாக்கியமே காட்டவேண்டும். வேர்ச்சொல்லுக்கு விதித்த அதே கட்டுப்பாட்டை உவமைக்கும் விதித்தல் நேர்மை.

8. பார் நிறுத்திய இடமும் நாம் செல்லவேண்டிய இடமும்

ஜேம்ஸ் பாரின் நூலை இன்று மீண்டும் படிக்கையில் அதன் கூர்மை மங்கவில்லை. ஆயினும் அருட்பணியாளர் நோக்கில் ஒரு குறையைச் சுட்டவேண்டும். எதனைச் செய்யலாகாது என்பதை அவர் செம்மையாகக் கற்பிக்கிறார். பழைய வாக்கியம் பழைய வாசகருக்கு என்ன பொருள் தந்தது என்பதோடு அவர் ஆய்வு நின்றுவிடுகிறது. அவர் எடுத்துக்கொண்ட பணி அதுவே என்பதால் இதனை அவர் மேல் குற்றமாகச் சுமத்த இயலாது. நம் பணியோ அங்கிருந்துதான் தொடங்குகிறது. மொழிபெயர்க்கப்பட்ட சொல் கேட்பவரின் வாழ்வில் வேறொரு வினையோடும், வேறோர் இனத்தோடும், வேறொரு சார்போடும் வந்து சேர்கிறது. அம்மூன்றையும் அறியாத அருளுரையாளர் கிரேக்கத்தில் பிழையின்றிப் பேசித் தமிழில் பிழையான நற்செய்தியை அறிவிக்கக்கூடும். நாம் அதனைச் செய்தோம்.

எனவே இறையியல் மாணவர்களுக்கு நாம் கூற விரும்புவது இது. அகராதியைப் பாருங்கள், வேரையும் அறிந்துகொள்ளுங்கள். பின்னர் அதனை மேசைமேல் வைத்துவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள். அதன்பின் ஊருக்குள் சென்று, அச்சொல்லை மக்கள் எந்த வேலையின்போது சொல்கின்றனர் என்று கேளுங்கள். அடகுக் கடை, தறிக்கூடம், பத்திரப் பதிவு அலுவலகம், கிணற்றடி ஆகியவையும் நமக்கு அகராதிகளே. மூன்றும் கற்றபின் மேடையேறுங்கள்.

9. கேள்விக்கு விடை

அந்தத் தாயின் கேள்விக்கு அன்று நாம் சொல்லாத விடையை இங்குப் பதிவு செய்வது நம் கடமை. அவர் எண்ணியதில் பாதி பவுலடியாரின் எண்ணமும் ஆகும். 1 கொரிந்தியர் 6:20-இலும் 7:23-இலும் நாம் விலைக்கு வாங்கப்பட்டவர்கள் என்று அவர் எழுதுகிறார். பழைய மொழிபெயர்ப்பு ‘கிரயம்’ என்னும் பத்திரச் சொல்லையே அங்கு ஆள்கிறது. ஆனால் 7:23-இல் அவர் அவ்வாறு கூறுவது, மனிதருக்கு அடிமைகள் ஆகாதீர்கள் என்று தொடர்வதற்காகவே. புதிய உரிமையாளரிடம் பாக்கி ஏறுகிறது என்பதற்கு அங்கு இடமில்லை.

மறுபாதியைக் கொலோசையர் 2:14 திருத்துகிறது. அங்குப் பாக்கி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறவில்லை. கடன் பத்திரமே அழிக்கப்படுகிறது. சிலுவையில் அறையப்பட்டு ஒழிகிறது. நம் நாட்டுச் சட்டமும் ஒருமுறை இவ்வாறு பேசியதுண்டு. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு அற்றுப்போனதென அறிவித்தது. அற்றுப்போன கடனுக்காகப் பணம் பெறுவதையே குற்றமாக்கியது. தொழிலாளியை ஒருவர் விலைகொடுத்து வாங்கி விடுவிக்கவேண்டும் என்று அது கூறவில்லை. கடன் இல்லை என்றது. நடைமுறையில் அச்சட்டம் எத்துணைப் பேரைச் சென்றடைந்தது என்பது வேறு கேள்வி. திருச்சபை அக்கேள்வியைக் கேளாமல் மீட்பைப் பற்றி மட்டும் பேசுமாயின், அதன் சொல்லும் பொருளிழந்த சொல்லே.

மீண்டும் அச்சபைக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டினால், ‘லுத்ரோன்’ என்னும் சொல்லின் வேரைப் பற்றி நாம் பேசமாட்டோம். கிணற்றுக்குள் இறங்கியவரைப் பற்றியும், தொறு மீட்டு வீழ்ந்தவரைப் பற்றியும், கிழிக்கப்பட்ட புரோநோட்டைப் பற்றியும் பேசுவோம். அந்தத் தாய் மறுபடியும் வந்து எவ்வளவு பாக்கி என்று கேட்டால், “பாக்கி இல்லைம்மா, சீட்டையே கிழிச்சுட்டாரு” என்போம். பின்னர், அவர் மகனுக்கும் அவ்வாறு சொல்லத்தக்க நாள் வருவதற்கு நம் சபை என்ன செய்தது என்று அவர் கேட்பாராயின், அதற்கு விடை கூறும் கடமை நம் அனைவருக்கும் உண்டு.